மருந்து போட்டும் போகாத பேன்: ஒன்பதாம் நாள் கணக்கு

கேள்வி: எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். நான் வீட்டில் பீடி சுற்றுகிறேன். பெரியவளுக்கு 9 வயது, இடுப்பு வரை முடி. சின்னவளுக்கு 5 வயது, 17 கிலோ இருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து இரண்டு பேர் தலையிலும் பேன். மெடிக்கல் கடையில் பேன் மருந்து வாங்கி மாதம் ஒரு தடவை வீதம் நான்கு தடவை போட்டுவிட்டேன். போட்ட அன்றைக்குக் குளித்த தண்ணீரிலேயே செத்து மிதக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பழையபடி சொறிகிறார்கள். வேப்பெண்ணெய், கற்பூரம் போட்ட தேங்காய் எண்ணெய் எல்லாம் தேய்த்தாயிற்று. சீத்தாப்பழ விதையை அரைத்துப் போடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். மாமியார், "சூட்டு உடம்பு, அதான் பேன் பத்துது" என்கிறார். மாட்டுக்கு உண்ணி மருந்து அடிப்பதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் ஒரே நாளில் போய்விடும் என்று என் வீட்டுக்காரரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பேசாமல் இரண்டு பேருக்கும் திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிடலாமா? சின்னவளுக்குப் பிடரியில் புண்ணாகி, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது.

பதில்:

கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, சின்னவளின் பிடரிப் புண், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சொறிந்த இடத்தில் நகம் பட்டுக் கிருமி ஏறியிருக்கிறது. சீழ் கோத்து மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது சிரங்கு. நெறி கட்டியிருப்பதும் அந்தக் கிருமியால்தான். பேன் மருந்து இதற்குக் கேட்காது. திறந்த புண்ணில் பட்டால் எரியும், உடம்புக்குள்ளும் கூடுதலாக இறங்கும். நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள் ஆன்டிபயாட்டிக்கும் மேலே தடவ ஒரு களிம்பும் தருவார்கள். மூன்றாம் நாளே புண் வாடினாலும் மருந்தை நடுவில் நிறுத்த வேண்டாம். அடுத்த சில வாரங்களில் பிள்ளையின் முகம் காலையில் வீங்கினாலோ, சிறுநீர் கலங்கிக் கருத்துப் போனாலோ, "தலையில் சிரங்கு இருந்தது" என்று சொல்லி உடனே காட்டுங்கள். சிரங்குக் கிருமி அபூர்வமாகச் சிறுநீரகத்தைத் தொடும்.

புண் காய்ந்த பிறகு வருகிற வெள்ளிக்கிழமையை நாள் குறித்துக்கொள்ளுங்கள். எப்படியும் தலைக்கு ஊற்றுகிற நாள். மறுநாள் பள்ளிக்கூடமும் இருக்காது. அதுவரை பெரியவளுக்கு மட்டும் முந்திக்கொண்டு மருந்து போட வேண்டாம். வீட்டில் எல்லாத் தலைக்கும் ஒரே நாளில் போட்டால்தான் பலன். காரணம் பின்னால் வருகிறது.

நான்கு தடவை போட்டும் ஏன் போகவில்லை? நீங்கள் போட்ட மருந்து வேலை செய்யாமல் இல்லை. தண்ணீரில் பேன் செத்து மிதந்ததே அதற்குச் சாட்சி. கடையில் கிடைக்கிற பேன் மருந்துகளில் பெரும்பாலானவை பேனைக் கொல்லும், ஈரை முழுதாகக் கொல்லாது. இங்கேதான் கணக்கு தப்புகிறது.

முடியின் அடியில், தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள், தலைச்சூடு படுகிற இடமாகப் பார்த்துப் பெண் பேன் ஈர் வைக்கும். ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்து ஈர் வரை வைக்கும். அது பொரிய ஏழு முதல் ஒன்பது நாள் ஆகும். பொரிந்து வரும் குஞ்சு மூன்று முறை தோல் உரித்து, வளர்ந்து, தானும் ஈர் வைக்க இன்னொரு ஒன்பது பத்து நாள் பிடிக்கும். இப்போது பாருங்கள். மருந்து போட்ட அன்று பேன் எல்லாம் செத்தாயிற்று, ஈர் தப்பித்தது. ஒன்பது நாளுக்குள் அதெல்லாம் பொரிந்துவிடும். ஆனால் அந்தக் குஞ்சு எதுவும் இன்னும் ஈர் வைக்கிற பருவத்துக்கு வந்திருக்காது. அந்த ஒன்பதாம் நாள் இரண்டாம் தடவை மருந்து போட்டால் வம்சம் அத்தோடு அறும். மூன்றாம் நாளே போட்டால் பாதி ஈர் பொரியாமல் உள்ளேயே இருக்கும். நீங்கள் செய்ததுபோல் ஒரு மாதம் கழித்துப் போட்டால், அதற்குள் குஞ்சு தாயாகி அடுத்த ஈரும் வைத்திருக்கும். நான்கு தடவை போட்டேன் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் முதல் தடவையையே நான்கு முறை போட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது மருந்து வாங்கும் விஷயம். "பேன் மருந்து குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துத் தருவார். அட்டையைப் படியுங்கள். உங்களுக்கு வேண்டியது பெர்மெத்ரின் 1 சதவீதம். பெர்மெத்ரின் 5 சதவீதம் என்று வருகிற க்ரீம், சொறிசிரங்குப் பூச்சிக்கு உடம்பில் தடவுவது. தலைக்கு அது வேண்டாம். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்று போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது நரம்பைத் தாக்கிப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைக்கக்கூடிய மருந்து. அதைவிடப் பத்திரமானவை இருக்கும்போது அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. வேம்பு, துளசி படம் போட்ட மூலிகை பேன் ஷாம்புகளால் கெடுதல் அதிகம் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பேன் ஒழிந்த வீடு அபூர்வம். சீவச் சீவப் போனது சீப்பால் போனது, பெயர் ஷாம்புக்கு.

ஒரு தலைக்கு 50 மில்லி போதும் என்பது தோள் அளவு முடிக்கு. இடுப்பு வரை முடி உள்ள பெரியவளுக்கு 100 மில்லியாவது வேண்டும். ஒரு பாட்டிலை இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கிட்டுத் தேய்ப்பதும் மருந்து தோற்க ஒரு காரணம்.

போடுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு இங்கேயும் நடக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையில் தேங்காய் எண்ணெய் இல்லாத நாள் கிடையாது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் போட்ட மருந்து முடியில் பிடிக்காது, வழுக்கிக்கொண்டு போகும். வியாழக்கிழமையே எண்ணெயை நிறுத்துங்கள். வெள்ளி மாலை கண்டிஷனர் கலக்காத சாதாரண ஷாம்பு போட்டு, பிசுக்குப் போகும்வரை இரண்டு முறை அலசுங்கள். சீயக்காய்த் தூள் அன்றைக்கு வேண்டாம். தூள் முடிக்குள் தங்கினால் சீப்பில் வருவது ஈரா தூளா என்று தெரியாது. பிறகு துவர்த்தால் நன்றாகத் துவட்டுங்கள். ஈரம் சொட்டச் சொட்டப் போட்டால் மருந்து நீர்த்துப்போகும். முழுக்கக் காயவும் வேண்டாம், லேசான ஈரம் இருக்கட்டும்.

கண்ணை மடித்த துணியால் பொத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தொடங்கி உச்சி வரை, பிறகு நுனி வரை தேயுங்கள். பேனும் ஈரும் அதிகம் குடியிருப்பது காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான். பலர் உச்சியில் ஊற்றி வழியவிடுகிறார்கள். பிடரிக்கு வந்து சேர்வது நுரை மட்டும். போட்டு முடித்த நேரத்திலிருந்து பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து வையுங்கள். அரை மணி நேரம் வைத்தால் கூடுதலாகச் சாகும் என்று நினைக்க வேண்டாம், தோல்தான் எரியும். துண்டைக் கட்டி மூடியும் வைக்க வேண்டாம். கழுவும்போது பிள்ளையைக் குனியவைத்துத் தலையை மட்டும் கழுவுங்கள். நிற்கவைத்துச் செம்பு செம்பாக ஊற்றினால் மருந்து உடம்பெல்லாம் வழியும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சுடுதண்ணீர் வேண்டாம். கழுவிய பிறகு இரண்டு நாள் தலைக்கு ஊற்றக் கூடாது, எண்ணெயும் கூடாது. முடியில் ஒட்டி நிற்கிற மிச்ச மருந்து அந்த நேரத்தில்தான் வேலை செய்கிறது.

மறுநாள் காலை, சனிக்கிழமை, தார்சாவில் வெளிச்சம் விழும் இடத்தில் உட்காரவைத்து, மடியில் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டை விரித்துச் சீவிப் பாருங்கள். வருகிற பேன் செத்திருந்தாலும் சரி, கால் இழுத்துக்கொண்டு மெதுவாக நகர்ந்தாலும் சரி, மருந்து கேட்டிருக்கிறது. திரும்பப் போடாதீர்கள், சீவி எடுத்தால் போதும். ஒன்றுகூடச் சாகாமல் நேற்றைப் போலவே சுறுசுறுப்பாக ஓடினால், ஒன்று நீங்கள் போட்ட விதத்தில் குறை, இல்லையென்றால் அந்தப் பேன் பெர்மெத்ரினுக்குப் பழகிவிட்டது. இப்படி மருந்துக்குப் பழகிய பேன் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அப்போது அதே மருந்தை இன்னொரு பாட்டில் வாங்குவது வீண். தோல் டாக்டரிடம் போக வேண்டும்.

இனி சீப்பு. மருந்தைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை. கோயில் கொடைத் திருவிழாவில் வாங்குகிற இருபக்கப் பிளாஸ்டிக் பேன்சீப்பு பெரிய பேனைப் பிடிக்கும். பல்லுக்குப் பல் இடைவெளி அதிகம், அழுத்தினால் பல் வளையும். குஞ்சும் ஈரும் நழுவிப் போய்விடும். மெடிக்கல் கடையில் நீண்ட எவர்சில்வர் கம்பிப் பல் வைத்த சீப்பு கிடைக்கும். பற்களுக்கு நடுவே இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கோடு கோடாக ஒளி தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அகலமாகத் தெரிந்தால் அந்தச் சீப்பு உதவாது. ஒரு தடவை வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

உலர்ந்த முடியில் சீப்பை விட்டால் பேன் ஓடி ஒளியும், பிள்ளையும் வலியில் எழுந்து ஓடும். அதனால் அந்தச் சனிக்கிழமைச் சோதனையைத் தவிர மற்ற நாளெல்லாம் ஈரத்தலையில் கண்டிஷனர் போட்டுத்தான் சீவ வேண்டும். கண்டிஷனரின் வழுவழுப்பில் பேன் ஓட முடியாமல் நிற்கும். பெரியவளின் முடிக்குச் சின்னப் பாக்கெட்டில் ஏழெட்டு ஆகும். கண்டிஷனர் கிடைக்காவிட்டால் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துச் சீவலாம், அதுவும் பேனின் ஓட்டத்தைக் கட்டும். முதலில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே போய்ச் சிக்கெடுத்துவிடுங்கள். பிறகு முடியை நான்காகப் பிரித்து மூன்றை முடிந்து வைத்துவிட்டு, நான்காவதில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கற்றை எடுங்கள். பேன்சீப்பின் பல் மண்டைத் தோலைத் தொட வேண்டும். அங்கிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்து, வெள்ளைத் துணியில் துடையுங்கள். துணியில் என்ன வந்தது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதே கற்றையை மேலிருந்து ஒரு முறை, அடியிலிருந்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. முடித்த கற்றையை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டு அடுத்தது. எல்லாம் முடிந்ததும் கண்டிஷனரை அலசிவிட்டு, ஈரத்தோடு இன்னொரு சுற்று. இடுப்பு வரை முடிக்கு முதல் நாள் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. போகப் போக அரை மணி நேரத்துக்கு வந்துவிடும்.

முடியைத் தோள் அளவுக்கு வெட்டினால் இந்த வேலை பாதியாகும். பெரியவளுக்கு மனசிருந்தால் வெட்டுங்கள், அவளைக் கேட்காமல் வேண்டாம்.

நாள்கணக்கைத் தாளில் எழுதி அடுக்களையில் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளி மருந்து. சனி காலை சோதனை. திங்கள் கண்டிஷனர் போட்டுச் சீவல், வியாழன் சீவல். அதற்கடுத்து வருகிற ஞாயிறு, அதாவது வெள்ளியிலிருந்து ஒன்பதாம் நாள், எண்ணெயும் கண்டிஷனரும் போக ஷாம்பு போட்டு அலசி, இரண்டாம் தடவை மருந்து. பிறகு புதன், சனி சீவல். அதற்கடுத்த வெள்ளி, இருபத்தோராம் நாள், கடைசிச் சோதனை. நடுவில் திருவிழா வந்தது, விருந்தாள் வந்தார்கள் என்று ஒரு சீவல் தவறினால் பரவாயில்லை. ஒன்பதாம் நாள் மருந்து மட்டும் தவறக் கூடாது.

துணியில் வருவதை வைத்து நடப்பதைச் சொல்லிவிடலாம். வளர்ந்த பேன் எள் அளவு இருக்கும், சாம்பல் கலந்த பழுப்பு. குஞ்சு ஒரு மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும். திங்களுக்கும் ஒன்பதாம் நாளுக்கும் நடுவில் குஞ்சு மட்டும் வந்தால் பயப்பட வேண்டாம்; ஈர் பொரிகிறது, எதிர்பார்த்ததுதான். அதே நாள்களில் வளர்ந்த பேன் உயிரோடு வந்தால் முதல் மருந்தில் தப்பியது. பதினைந்தாம் நாள் துணி சுத்தமாக இருந்து, அதற்குப் பிறகு ஒருநாள் திடீரென்று பெரிய பேன் ஒன்றிரண்டு மட்டும் வந்தால், அது உங்கள் வீட்டுப் பேன் இல்லை, வேறு தலையிலிருந்து வந்தது. யார் தலை என்று தேட வேண்டும். மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த வேறு தலை வீட்டுக்குள்ளேயே இருப்பதுதான் அதிகம். கடிதத்தில் எல்லாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் தலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அரிப்பு இல்லை என்பதால் பேன் இல்லை என்று ஆகிவிடாது. பேன் கடிக்கும்போது இறங்குகிற எச்சில் உடம்புக்கு ஒவ்வாமல் போனால்தான் அரிக்கும். முதல் முறை பேன் ஏறியவர்களுக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பீடித்தட்டை மடியில் வைத்து நீங்கள் உட்கார்ந்திருக்க, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை தோளில் தலை சாய்த்துக் கிடக்கும். ராத்திரி ஒரே பாயில் ஆச்சியை அணைத்துக்கொண்டு தூங்கும். பேன் குதிக்காது, பறக்காது. முடியோடு முடி உரசும்போது நடந்து ஏறும். அதனால் நீங்கள், உங்கள் மாமியார், கூடப் படுக்கிற ஒவ்வொருவரும் கண்டிஷனர் போட்டுச் சீவிப் பாருங்கள். உயிருள்ள பேன் ஒன்று வந்தாலும் அவருக்கும் அதே வெள்ளிக்கிழமை மருந்து. வீட்டுக்காரர் கிராப்புத் தலைதான் என்றாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை யாராவது இருந்தால் மருந்து இல்லாமல் சீப்பு மட்டும்: நான்கு நாளுக்கு ஒரு முறை, பேன் வருவது நின்று மூன்று சீவல் சுத்தமாக வரும்வரை.

பீடி சுற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புகையிலை ஊறவைத்த தண்ணீரில் தலை கழுவினால் பேன் சாகும் என்று சில ஊர்களில் செய்கிறார்கள். புகையிலையில் இருக்கிற நிகோடின் தோல் வழியாகவே உள்ளே போகும். சொறிந்து புண்ணான தலையில் இன்னும் வேகமாகப் போகும். வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். செய்யாதீர்கள். தூள் ஒட்டிய கையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளை தலையில் கை வையுங்கள்.

உண்ணி மருந்துக்கு வருகிறேன். மாட்டுக்கு அடிக்கிற அந்தச் சரக்கு பல மடங்கு வீரியமானது. கலந்திருக்கும் கரைப்பானும் மனிதத் தோலுக்கானது இல்லை. "கொஞ்சம் தண்ணீர் விட்டு" என்பதில் எத்தனை பங்கு என்று யாருக்கும் தெரியாது. மாட்டுத் தோலும் ஐந்து வயதுப் பிள்ளையின் புண்பட்ட மண்டையும் ஒன்றா? வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து, எறும்புப்பொடி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மண்ணெண்ணெயில் தோல் வெந்துபோகும், அதன் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். அடுப்புப் பக்கம் போனால் தலையே பற்றும். யாராவது ஏற்கெனவே தேய்த்துவிட்டார்கள், பிள்ளைக்கு எச்சில் ஊற்றுகிறது, வாந்தி, கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, கைகால் வெட்டுகிறது என்றால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலையை ஓடுகிற தண்ணீரில் கழுவியபடியே 108ஐக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும்.

சீத்தா விதை கொல்லையில் கிடைப்பதால் யாரும் அதை விஷம் என்று நினைப்பதில்லை. பேனைக் கொல்லும், உண்மைதான். ஆனால் அந்த அரைப்பு கண்ணில் ஒரு துளி பட்டால் கருவிழியின் மேல்தோலே உரியும். பிள்ளை கண்ணைத் திறக்க முடியாமல் இரவெல்லாம் அழும். பேனுக்கு வைத்தியம் செய்யப் போய்க் கண் டாக்டரிடம் போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். தப்பித் தவறிப் பட்டால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் கண்ணைக் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கற்பூர எண்ணெயையும் நிறுத்திவிடுங்கள். சின்னப் பிள்ளை கொஞ்சம் கற்பூரத்தை விழுங்கினாலே வலிப்பு வரலாம். எண்ணெய் வழிந்த கையை வாயில் வைக்கிற வயதுதான் உங்கள் சின்னவளுக்கு. வேப்பெண்ணெயால் ஈர் சாகாது. தேய்க்க வேண்டும் என்று மாமியார் ஆசைப்பட்டால் மருந்து நாளைத் தவிர்த்து வேறு நாளில் தேய்க்கட்டும், வாய்க்குள் மட்டும் போகக் கூடாது.

சூட்டுக்கும் பேனுக்கும் சம்பந்தமில்லை. அழுக்குத் தலையில்தான் வரும் என்பதும் இல்லை. தினம் குளிக்கிற தலையிலும் ஏறும். ஆற்றில் முங்கி முங்கிக் குளித்தாலும், குற்றால அருவியில் நின்றாலும் போகாது. தண்ணீரில் மூழ்கினால் பேன் சுவாசத் துளையை மூடிக்கொண்டு, முடியை இறுகப் பிடித்தபடி மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். இதை மாமியாரிடம் வாதாடிச் சொல்வதைவிட, அவர் தலையிலேயே சீப்பை ஓட்டி வெள்ளைத் துணியைக் காட்டிவிடுங்கள். ஈர் உருவுவதில் பெரியவர்கள் கைதேர்ந்தவர்கள். அந்த வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்.

ஈரைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. மருந்து போட்டு மூன்று வாரம் ஆகியும் முடியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே என்று கேட்பார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற வெள்ளை, பெரும்பாலும் பொரிந்து போன வெறும் ஓடு. உயிருள்ள ஈர் முடியின் நிறத்துக்குப் பழுப்பாக, தோலை ஒட்டி இருக்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஒட்டின ஓடும் கூடவே நகர்கிறது. அதனால் தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஈர் பழைய கதை. அதைப் பார்த்துவிட்டு மறுபடி மருந்து போட வேண்டாம். பொடுகா ஈரா என்று சந்தேகம் வந்தால் விரலால் தள்ளிப் பாருங்கள். பொடுகு உதிரும். ஈர் முடியின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு அசையாது. இரண்டு நகத்துக்கு நடுவே பிடித்து நுனி வரை உருவினால்தான் வரும். வினிகர் தேய்த்தால் ஒட்டு விடும் என்பார்கள். நம்பும்படியான பலன் இல்லை, புண் உள்ள தலையில் எரிச்சல்தான் மிச்சம். எல்லாம் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அரிப்பு மட்டும் இருக்கலாம். சீப்பில் பேன் வராதவரை அது மருந்து போட வேண்டிய அரிப்பு இல்லை.

வீட்டைக் கழுவித் தள்ள வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் பட்டினியில் சாகும். உதிர்ந்த முடியில் இருக்கிற ஈர், தலைச்சூடு இல்லாமல் பொரியாது. மருந்து போடுகிற வெள்ளிக்கிழமை தலையணை உறை, துவர்த்து, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது போதும். சீப்பு, கிளிப், ரிப்பனைக் கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பாயை உதறி வெயிலில் விரித்தால் சரி. இதற்கு மேல் செலவழிக்கிற நேரத்தைச் சீப்புக்குக் கொடுங்கள்.

மொட்டை? முடி இல்லாத தலையில் பேன் பிழைக்காது, அதனால் மொட்டை போட்ட தலைக்கு அன்றைக்கே தீர்ந்தது. நேர்த்திக்கடன் இருந்தால் தாராளமாகத் திருச்செந்தூர் போய்வாருங்கள். ஆனால் பேனுக்காக மட்டும் ஒன்பது வயதுப் பெண்பிள்ளைக்கு மொட்டை அடிப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வகுப்பில் அவள் படப்போகும் பாடு ஒரு பக்கம். வீட்டில் மற்ற தலைகளைக் கவனிக்காமல் விட்டால் முடி ஒரு விரல் வளர்ந்ததும் பேன் மறுபடி ஏறும் என்பது இன்னொரு பக்கம்.

இந்தக் கணக்குப்படி செய்தும் பதினைந்தாம் நாள் உயிருள்ள பேன் வந்தால் தோல் டாக்டரிடம் போங்கள். பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. பேனின் மேல் படலமாகப் படிந்து கொல்லும் டைமெத்திகோன், அல்லது ஐவர்மெக்டின் அங்கே யோசிப்பார்கள். ஐவர்மெக்டின் மாத்திரை எடைக்குத் தக்கபடி கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில், ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை. 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கிடையாது. உங்கள் சின்னவள் 17 கிலோதான், எல்லைக்கு மேலே கொஞ்சம். கடையில் நீங்களாக வாங்கிப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற மாத்திரை இல்லை அது.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. முதல் மருந்து போட்ட மறுநாளே தாராளமாகப் போகலாம். முடியை விரித்துவிடாமல் இரட்டைச் சடை இறுக்கிப் பின்னி, மடித்துக் கட்டி அனுப்புங்கள். ஆசிரியையிடம் மட்டும் மறைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருகிற நான்கைந்து பிள்ளைகளின் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் மருந்து போடச் சொன்னால்தான் உங்கள் உழைப்பு நிற்கும். "எம் பிள்ளை தலையில பேன் இருந்துச்சு, நாங்க வெள்ளிக்கிழமை மருந்து போடுறோம், நீங்களும் பாருங்க" என்று நீங்கள் முதலில் சொன்னால் எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்ள வழியில்லை. "உங்க பிள்ளைகிட்ட இருந்துதான் ஒட்டுச்சு" என்று தொடங்கினால் ஊர்ச்சண்டை.

இருபத்தோராம் நாள் சுத்தம் என்றால் பிறகு வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றும்போது, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நான்கு இழுப்பு இழுத்துப் பார்த்தால் போதும். லீவுக்கு ஊருக்குப் போய்ப் பெரியம்மா, சித்தி பிள்ளைகளோடு வரிசையாகப் படுத்துவிட்டு வந்தால் மட்டும், வந்த அன்றே முழுத்தலையையும் கண்டிஷனர் போட்டுச் சீவிப் பார்த்துவிடுங்கள்.